அந்த ஆறு மாதம்: 1962-ல் உங்கள் குடும்பம் எந்தப் பக்கம் நின்றது?

பாஸ்போர்ட்டை எடுத்து உள்ளே வையுங்கள். இந்த அத்தியாயத்தின் கடைசிப் பகுதி வரும்வரை அது வேண்டாம்.

புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சுக் குடியுரிமை பற்றி விசாரிக்க வருகிறவர்கள் முதலில் மேசைமேல் வைப்பது தாத்தாவின் பாஸ்போர்ட்டைத்தான். அட்டை நைந்திருக்கும். போட்டோவின் மூலையில் பாதி முத்திரை தெரியும். உள்ளே சைகோன் போய் வந்ததற்கான அடையாளம் இருக்கும். "தாத்தா பிரெஞ்சுக்காரர் சார், பாருங்க" என்பார்கள். தாத்தா பிரெஞ்சுக்காரர்தான், அதை யாரும் மறுக்கவில்லை. பிரெஞ்சிந்தியப் பகுதியில் தலைமுறைகளாக இருந்த குடும்பங்களில் பிறந்தவர்கள் எல்லாருமே அன்று பிரெஞ்சு நாட்டவர்கள்தாம். கவர்னர் மாளிகையில் எழுத்தராக இருந்தவரும் சரி, பாகூரில் ஏர் பிடித்தவரும் சரி. ஆட்சி கைமாறியபோது அவருக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு மூன்று கேள்விகள் போதும். அவர் எங்கே பிறந்தார்? 1962 ஆகஸ்ட் 16 அன்று எங்கே குடியிருந்தார்? அதற்கடுத்த ஆறு மாதத்துக்குள் ஏதாவது கையெழுத்துப் போட்டாரா? இந்த மூன்றுக்கும் பதில் எழுதாமல் எந்த அலுவலகத்துக்கும் போகாதீர்கள். போனால் ஜெராக்ஸ் காசும் பஸ் காசும்தான் வீண்.

எந்தத் தேதி?

புதுச்சேரிக்கு இரண்டு தேதிகள் உண்டு என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும், ஏனென்றால் இரண்டுக்கும் விடுமுறை விடுகிறார்கள். 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. கொடி மாறியது, போலீஸ் மாறியது. ஆனால் அது நிர்வாகம் மட்டுமே. இறையாண்மையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் 1956 மே 28-ல் கையெழுத்தானாலும், பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தர 1962 ஆகிவிட்டது. ஆகஸ்ட் 16 அன்றுதான் அது நடைமுறைக்கு வந்தது. அல்ஜீரியாவில் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை, பாரீசுக்குப் புதுச்சேரி அவசரமாகப் படவில்லை.

இந்த எட்டு ஆண்டு இடைவெளிதான் பலரை ஏமாற்றுகிறது. "எங்க அப்பா 1958-ல் பிறந்தவர், அப்பவே இந்தியா வந்தாச்சே" என்று தள்ளிவிடுகிறார்கள். சட்டப்படி அப்படி இல்லை. 1958-ல் முத்தியால்பேட்டையில் பிரெஞ்சு நாட்டவரான தகப்பனுக்குப் பிறந்த பிள்ளை பிரெஞ்சு நாட்டவராகவே பிறந்தது. தெருவில் அசோகச் சக்கரம் பறந்தாலும் குடியுரிமை இன்னும் பழைய கணக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே குடும்ப மரம் எழுதும்போது 1954-ல் கோடு போடாதீர்கள். கோடு 1962-ல்தான்.

பிறந்த ஊர், குடியிருந்த ஊர்

ஒப்பந்தம் ஆட்களைப் பிரித்த விதம் எளிது. பிரெஞ்சிந்தியப் பகுதிக்குள், அதாவது புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கில் ஒன்றில் பிறந்து, அன்று அங்கேயே குடியிருந்தவர் 4-ஆவது பிரிவின்படி தானாகவே இந்தியர் ஆனார். பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்பினால் 5-ஆவது பிரிவின்படி எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே பிறந்து இந்தியாவின் பிற பகுதியில், சென்னையிலோ கடலூரிலோ, குடியிருந்தவருக்கும் இதே விதிதான். அங்கே பிறந்து வெளிநாட்டில் குடியிருந்தவருக்கு நேர் எதிர்: அவர் எதுவும் செய்யாமலே பிரெஞ்சுக்காரராகத் தொடர்ந்தார், இந்தியராக விரும்பினால்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இதன் விளைவைக் கவனியுங்கள். காரைக்காலில் ஒரே வீட்டில் பிறந்த இரண்டு அண்ணன் தம்பிகள். அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்சன் வாங்கிக்கொண்டு 1961-ல் ஊர் திரும்பிவிட்டார். தம்பி அப்போதும் சைகோனில் கணக்கராக இருக்கிறார். இருவருமே எதிலும் கையெழுத்துப் போடவில்லை. 1963 மார்ச்சில் பார்த்தால், பிரான்சுக்காகத் துப்பாக்கி பிடித்த அண்ணன் இந்தியர், கணக்கு எழுதிய தம்பி பிரெஞ்சுக்காரர். ராணுவச் சேவை ஒப்பந்தத்தில் எடுபடவில்லை, குடியிருப்புதான் எடுபட்டது. 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு, என்று ஊரார் அழைக்கும் வீட்டுப் பேரன்களில் சிலருக்கு இது இன்றும் ஆறாத மனக்குறை.

கிறிஸ்தவர்கள் மட்டும்தான், அல்லது 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்ட 'ரெனோன்சான்' வகையறா மட்டும்தான் பிரெஞ்சுக்காரர்களாக இருக்க முடிந்தது என்று ஒரு பேச்சு உண்டு. ஒப்பந்தம் அந்தப் பாகுபாட்டைப் பார்க்கவில்லை. ரெனோன்சான்கள் நிறையப் பேர் எழுதிக் கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம். லப்போர்த் என்பதுபோன்ற பிரெஞ்சுப் பெயர் இல்லாமல் வெறும் கோவிந்தசாமியாக இருந்தவருக்கும் அதே உரிமை இருந்தது.

இனி, பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம். புதுச்சேரி ஒரே துண்டான நிலம் அல்ல. கடலூர், விழுப்புரம் பக்கத்து ஊர்களோடு பின்னிக் கிடக்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். அப்பா வில்லியனூர், அம்மா பண்ருட்டி என்றால், மூத்த பிள்ளை பண்ருட்டியில் பிறந்திருக்கும், அதாவது அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில். அடுத்த பிள்ளைகள் வில்லியனூரில். நான் மேலே சொன்ன பிரிவுகள் எல்லாமே 'அப்பகுதிகளில் பிறந்த' பிரெஞ்சு நாட்டவரைப் பற்றியே பேசுகின்றன. பண்ருட்டியில் பிறந்த மூத்தவரையும், சைகோனில் பிறந்து கைக்குழந்தையாக ஊர் வந்தவரையும் அந்தப் பிரிவுகள் தொடவே இல்லை. இப்படி ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால் அவருடைய தாளைத் தனி உறையில் போட்டு, குடியுரிமை வழக்கு நடத்திப் பழகிய வழக்கறிஞரிடம் முதலில் அதைக் காட்டுங்கள். பாட்டி சீமந்தம் முடிந்து தாய்வீடு போன கதை பேரனுக்குச் சட்டக் கேள்வியாக வந்து நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கையெழுத்து

கையெழுத்துப் போடக் கொடுத்த அவகாசம் ஆறு மாதம், 1963 பிப்ரவரி நடுப்பகுதி வரை. அது குறைச்சல் என்று தோன்றினால் கோவாவைப் பாருங்கள். அங்கே போர்ச்சுக்கலோடு ஒப்பந்தமே இல்லாமல் 1961 டிசம்பரில் ஆட்சி மாறியது. 1962-ல் வந்த இந்திய ஆணை, பழைய குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோருக்குக் கொடுத்தது ஒரே மாதம். போர்ச்சுக்கல் தன் பக்கக் கதவை மூடாததால் இன்றும் கோவாக்காரர்கள் லிஸ்பனில் பிறப்பைப் பதிவு செய்கிறார்கள். பிரான்ஸ் ஒப்பந்தம் போட்டது, அதனால் கதவு ஒழுங்காகத் திறந்து ஒழுங்காக மூடியது. ஹாங்காங்கில் 1997 ஜூலை 1-க்கு முன் நடந்தது மூன்றாவது வகை. அங்கே பிரிட்டன் கொடுத்தது 'கடல்கடந்த பிரிட்டிஷ் நாட்டவர்' என்ற பாஸ்போர்ட். 2021 வரை அதை வைத்துக்கொண்டு பிரிட்டனில் குடியேற முடியவில்லை, பிள்ளைகளுக்கும் அந்த நிலை போகாது. அதோடு ஒப்பிட்டால் நம்மவர்களுக்குக் கிடைத்தது முழுக் குடியுரிமை, தலைமுறைக்கும் தொடர்வது.

இனி, நம்மவர்கள் எழுதிக் கொடுத்த அறிவிப்பில் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது மனைவி. கணவன் எழுதிக் கொடுத்தது மனைவியைக் கட்டுப்படுத்தாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. 1962-க்கு இது முற்போக்கான ஏற்பாடுதான், மனைவியைக் கணவனின் சொத்துப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆனால் நம் வீடுகளில் என்ன நடந்தது? "நான் போட்டுட்டேன், போதும்" என்று பெரியவர் வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாட்டி கையெழுத்துப் போடவே இல்லை. தாத்தா பிரெஞ்சுக்காரர், பாட்டி இந்தியர், அதுவும் பாட்டிக்கே தெரியாமல். ஆகவே தாத்தாவின் அறிவிப்பு கிடைத்துவிட்டது என்று தேடலை நிறுத்தாதீர்கள். பாட்டிக்குத் தனியாக ஒன்று இருக்கிறதா பாருங்கள்.

இரண்டாவது பிள்ளைகள். பதினெட்டு வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளுக்குத் தகப்பனின் முடிவே முடிவு. தகப்பன் இல்லையென்றால் தாய், இருவரும் இல்லையென்றால் காப்பாளர். அந்தப் பிள்ளைகளின் பெயர்களை அறிவிப்பிலேயே குறிப்பிட வேண்டும் என்பது விதி. பெயர் விட்டுப்போன பிள்ளையின் வழக்கு நீளும். கைக்குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்காமல் 'பாப்பா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, பதினாறு வயது தாண்டி மணமாகியிருந்த மகன். அவன் தனக்குத் தானே எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பாவின் அறிவிப்பில் அவன் பெயர் இருந்தாலும் பயனில்லை. பத்தொன்பது வயது மகனுக்கும் அப்படியே. கல்யாணத் தேதியைப் பிறந்த தேதியோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நான்காவது எதிர்த்திசை. பெற்றோர் முடிவால் பிரெஞ்சுக்காரராகத் தொடர்ந்த பிள்ளை, பதினெட்டு வயது நிரம்பி ஆறு மாதத்துக்குள் இந்திய அதிகாரி முன் கையெழுத்திட்டு இந்தியராகிக்கொள்ளலாம். அரசு வேலைக்காகச் சிலர் அப்படிச் செய்திருக்கிறார்கள். செய்ததைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் போனவர்களும் உண்டு. அப்பாவின் பணிப் பதிவேட்டை ஒருமுறை புரட்டிவிடுவது நல்லது.

அறிவிப்பு இரண்டு படிகளாக எழுதப்பட்டது, ஒன்று பிரெஞ்சில், மற்றொன்று ஆங்கிலத்தில். இரண்டும் பிரெஞ்சு அதிகாரிகளிடம் போக, அவர்கள் ஆங்கிலப் படியை இந்திய அதிகாரிகளுக்கு அனுப்பினார்கள். வீட்டில் தாள் கரையான் அரித்துப் போனாலும் கவலைப்படாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். தேட இரண்டு இடங்கள் இருக்கின்றன. கடற்கரைக்கு அருகே மரீன் வீதியில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்துக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள், நேரில் போய்க் கௌண்டரில் கதை சொல்லாதீர்கள்.

ஏன் பெரும்பாலோர் போடவில்லை? என் மேசைக்கு வந்த குடும்பங்கள் சொன்ன காரணங்களைக் கேட்டால் அந்த ஆறு மாதம் கண்முன் வரும். நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று ஒருவர் பயமுறுத்தினாராம். கப்பலேற்றி அனுப்பிவிடுவார்கள் என்று இன்னொருவர். சுதந்திரப் போராட்டத்தில் நின்ற குடும்பம், வெள்ளைக்காரன் காகிதம் நமக்கெதற்கு என்று மானத்தோடு மறுத்துவிட்டது. அவர்களைப் பேரப்பிள்ளைகள் இன்று திட்டும்போது எனக்குக் கோபம் வரும். கடைசியில் சில ஆயிரம் பேர்தான் போட்டார்கள்.

பெயர்

பிறப்புப் பதிவு இல்லாமல் எதுவும் நகராது. பிரெஞ்சுக் காலப் பதிவை ஊரில் இன்னும் 'எத்தா சிவில்' என்றுதான் சொல்கிறார்கள், நகராட்சியை 'மேரி' என்று சொல்வதுபோல. கடற்கரையில் இருந்த பழைய மேரிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்து, பிறகு அதே தோற்றத்தில் மறுபடி எழுப்பப்பட்டது. பழைய பதிவேடுகளின் படிகள் பிரான்சிலும் உண்டு. எக்ஸ்-ஆன்-புரோவான்சில் உள்ள கடல்கடந்த பகுதிகளுக்கான ஆவணக் காப்பகம் பிரெஞ்சிந்தியப் பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறது. பிரெஞ்சுக்காரராகத் தொடர்ந்தவர்களின் பிறப்பு, திருமணப் பதிவுகளுக்கு நான்த் நகரத்து மையப் பதிவகத்தைக் கேட்க வேண்டும்.

தேடும்போது ஆங்கில எழுத்துக்கூட்டலை மறந்துவிடுங்கள். முருகனை அவர்கள் 'எம், ஓ, யு' என்று தொடங்குவார்கள், ஏனென்றால் பிரெஞ்சில் வெறும் 'யு' நம் உகரம் ஆகாது. ராமசாமியில் இரட்டை 'எஸ்' இருக்கும். ஒற்றை 'எஸ்' இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவே வந்தால் அவர்கள் வாயில் 'ஸெட்' ஆகிவிடும். சந்திரசேகரன் 'எஸ்'ஸில் தொடங்கி, கடைசியில் ஒரு 'ஈ'யோடு முடிவார். அந்த 'ஈ' இல்லையென்றால் 'ன்' மூக்குக்குள் போய்விடும். அட்டவணையில் 'சி' வரிசையில் தேடிவிட்டு "தாத்தா பதிவே இல்லை" என்று திரும்பியவர்கள் ஏராளம். நான் என் தாய்மாமன் பதிவை 'வி' வரிசையில் இரண்டு நாள் தேடி, 'எம்' வரிசையில் கண்டுபிடித்தேன். வீரப்பன் மகன் முனுசாமி என்பதில் எது பெயர், எது தகப்பன் பெயர் என்று அன்றைய எழுத்தருக்கு அன்று தோன்றியதுதான் வரிசை.

பதிவின் நடுப்பகுதியைவிட ஓரத்தைக் கவனமாகப் படியுங்கள். பிரெஞ்சுப் பதிவேட்டில் திருமணம், மணமுறிவு, தீர்ப்பு எல்லாம் ஓரக் குறிப்பாக ஏறும். முழுநகல் கேளுங்கள், சுருக்கம் வேண்டாம். பிறந்தபோது பதியாமல் பிற்பாடு நீதிமன்றத்தில் துணைத் தீர்ப்பு வாங்கிப் பதிந்திருந்தால், தீர்ப்பின் நகலையும் சேர்த்து வாங்குங்கள். தாமதப் பதிவு என்றாலே அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொள்வார். போலித் தாள் செய்து கொடுத்துச் சம்பாதித்தவர்கள் ஊரில் இருந்தார்கள், உண்மையான தாள் வைத்திருப்பவரும் அதற்கு இன்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐம்பது ஆண்டுக் கதவு

மேலே சொன்ன எல்லாமே சரியாக இருந்தும் தோற்ற வழக்குகள் உண்டு. காரணம் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் 30-3 பிரிவு. முன்னோர் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே இருந்து, விண்ணப்பிப்பவரும், குடியுரிமையை அவருக்குக் கடத்தியிருக்க வேண்டிய தாயோ தந்தையோ அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரராக வாழ்ந்ததற்கான தடயம் எதுவும் இல்லையென்றால், வம்சவழியைக் காட்டி நிரூபிக்க இனி அனுமதி இல்லை. புதுச்சேரிக்கு அந்தக் கடிகாரம் 1962 ஆகஸ்ட் 16-ல் ஓடத் தொடங்கி 2012 ஆகஸ்டில் நின்றது.

தடயம் என்றால் என்ன? தூதரகப் பதிவு அட்டை, பிரெஞ்சு வாக்காளர் அட்டை, கட்டாய ராணுவச் சேவைத் தாள், 2012-க்கு முன் எடுத்த பாஸ்போர்ட். இப்போது வேண்டுமானால் அந்தப் பாஸ்போர்ட்டை வெளியே எடுங்கள், அதற்கு இங்கேதான் வேலை. அது குடியுரிமையை நிரூபிக்காது, குடும்பம் பிரெஞ்சுக் குடும்பமாக நடத்தப்பட்டது என்பதைக் காட்டும். குடியுரிமையை நிரூபிப்பது பிரெஞ்சு நீதிமன்றம் தரும் குடியுரிமைச் சான்றிதழ். அதற்கு 2022 செப்டம்பரிலிருந்து தனிப் படிவம் இருக்கிறது. வெளிநாட்டில் பிறந்து வெளிநாட்டிலேயே இருப்பவர்கள் பாரீஸ் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். "சான்றிதழ் எதற்கு, நேரே பாஸ்போர்ட்டே எடுத்துத் தர்றேன்" என்று சொல்லும் தரகரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இந்தியப் பக்கத்தையும் மறக்க வேண்டாம். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆனால் 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள், தூதர்கள் போன்ற சிலரின் பிள்ளைகள் நீங்கலாக, பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். ஆகவே 1970-ல் புதுச்சேரியில் பிரெஞ்சுத் தகப்பனுக்குப் பிறந்தவரை இரண்டு நாட்டுச் சட்டங்களும் தத்தம் பிள்ளை என்கின்றன. அவர் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் எடுக்கும் நாளில் இந்தியப் பக்கம் கணக்கு மாறுகிறது: இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை நீக்க வேண்டும், இங்கேயே வாழ்வதற்கு வெளிநாடுவாழ் இந்தியர் அட்டையோ தங்கல் அனுமதியோ வாங்க வேண்டும். ரேஷன் அட்டை விஷயத்தில் சண்டை போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கல்யாணத் தரகர்கள் 'நேஷனாலிட்டி மாப்பிள்ளை' என்று சொல்லிச் சீர் கேட்டால், தாலி கட்டியவுடன் குடியுரிமை வராது என்பது நினைவிருக்கட்டும். குறைந்தது நான்கு ஆண்டு மணவாழ்க்கைக்குப் பிறகுதான் விண்ணப்பமே.

கோப்பு அடுக்கும் முறை: மேலே நீங்கள், உங்களுக்குக் கீழே அப்பாவோ அம்மாவோ, அடியில் தாத்தா பாட்டி. ஒவ்வொருவருக்கும் பிறப்பு முழுநகல், திருமணப் பதிவு, 1962-ல் குடியிருந்த இடத்துக்கு ஒரு சான்று. வீட்டு வரி ரசீதோ வேலைச் சான்றோ எதுவானாலும் சரி, தேதி 1962 ஆகஸ்டை ஒட்டி இருக்க வேண்டும். இந்திய ஆவணங்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில் முத்திரை வாங்கியபிறகு மொழிபெயர்க்கக் கொடுங்கள். முதலில் மொழிபெயர்த்துவிட்டால் முத்திரையை மொழிபெயர்க்க மறுபடி ஒருமுறை பணம் கட்ட வேண்டிவரும். பெயர் இரண்டு விதமாக வந்திருந்தால் எந்தத் தாளில் எப்படி என்று ஒரு பக்கத்தில் அட்டவணை போட்டு எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். எந்த மூலத்தையும் தபாலில் அனுப்பாதீர்கள். பாட்டியின் உறையை, காலியாக இருந்தாலும், தனியாகவே வைத்திருங்கள். தூதரகத்திலிருந்து பதில் வரும்போது அதில் போட ஒரு தாள் கிடைக்கலாம்.